எட்டு மாதம் நான் ஒட்டிய பச்சைப் பொட்டுகள்

இதை எழுத நாலு வருஷம் தயங்கினேன். நோட்டைத் திறப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே ஒரு வரி வராது. மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். பயம் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி வெட்கம். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, மங்கை டீச்சர் மாதிரி உண்டா என்று மேடையில் பேசினார்கள். அந்தப் பேரை நானே எடுத்துக் கீழே போட மனம் வரவில்லை.

போன வாரம் பிரேமா போன் செய்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் என் இடத்துக்கு வந்த பெண். நல்ல பெண், துடிப்பாக இருப்பாள்.

“டீச்சர், ஆறு ஏழு எட்டாவது பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர்ல என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு புதுசா ஒரு பட்டியல் வந்திருக்கு. நேத்து கூட்டத்துல உங்க சார்ட்டத்தான் எடுத்துக் காட்டுனாங்க. இப்படித்தான் இருக்கணுமாம்.”

“எந்த சார்ட்டும்மா?”

“அதான் டீச்சர், எல்லாம் பச்சையா இருக்குமே! எப்படி டீச்சர் முடிச்சீங்க? எங்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் குடுங்களேன்.”

அவள் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் மேல் கோபமில்லை. அந்த சார்ட்டை இன்னும் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறார்களே, அதுவும் மாதிரி என்று காட்டுகிறார்களே, அந்தக் கோபம். அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். அம்மன் சாட்சியாக நடந்ததை எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பன்னிரண்டாவது முடித்து, கும்பகோணத்தில் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி. குடியிருப்பது வலங்கைமான். வேலை பார்த்ததெல்லாம் சுற்றுவட்டாரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில். கடைசியாக இருந்த பள்ளியின் ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி, வாய்க்கால் கரையோரம், ஐந்து ஆசிரியர்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும். சாக்பீஸும் கரும்பலகையுமாக இருபத்தெட்டு வருஷம் ஓடிற்று. அதற்கப்புறம்தான் பள்ளிக்குக் கணினி வந்தது.

நாலு பெட்டி வந்தது. இரண்டு பேர் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நாள் ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார், நாலாம் நாள் கரண்ட் இல்லை, ஐந்தாம் நாள் சான்றிதழ். ஐந்து நாளில் நான் கணினியைத் தொட்டது, குழுப் படம் எடுக்கும்போது அதன் மேல் கை வைத்து நின்றதுதான்.

எங்கள் தலைமை ஆசிரியர் கோவிந்தராசு சார் பயந்த சுபாவம். கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்ல முடியாது. பெட்டிகளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அறையைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். நிஜமாகவே அரைஞாணில்தான். “ஒண்ணு ரிப்பேர் ஆச்சுன்னா எம் மேல எழுதுவாங்க மங்கை டீச்சர். நான் ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன்” என்பார். வெள்ளிக்கிழமை தோறும் அறை திறக்கப்படும். நான்தான் பெருக்குவேன். நாலு பெட்டிக்கும் மூலையில் மஞ்சள் குங்குமம் வைப்பேன், ஊதுபத்தி காட்டுவேன். பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கும்பிட்டு நிற்பார்கள். மேலே போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட நாங்கள் எடுக்கவில்லை. கல்வி சம்பந்தப்பட்ட பொருள், சரஸ்வதி வாசம் செய்வாள் என்று மனசாரத்தான் செய்தேன். கும்பிடத் தெரிந்த எனக்கு அதைத் திறந்து பிள்ளைகள் கையில் கொடுக்கத் தெரியவில்லை.

அப்புறம்தான் அந்தப் பட்டியல் வந்தது. ஆறிலிருந்து எட்டு வரை ஒரு பிள்ளைக்குக் கணினியில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பதினொரு வரி. முறையாகத் திறக்கவும் மூடவும் தெரிய வேண்டும். தான் எழுதியதைத் தன் பேரில் சேமித்து, மறுநாள் தேடி எடுக்க வேண்டும். ஒரு விஷயத்தை இரண்டு இடத்தில் பார்த்து, எது நம்பத் தகுந்தது என்று யோசிக்க வேண்டும். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது. பயமுறுத்துகிற மாதிரி, அசிங்கமாக ஏதாவது வந்தால் பெரியவர்களிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். இப்படி.

அந்தப் பட்டியலை நான் குறை சொல்ல மாட்டேன். எழுதியவர் யாரோ பிள்ளை பெற்றவர்தான். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு, அதிலும் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைக்கு, அந்தப் பதினொன்றும் சோறு மாதிரி வேண்டும். பட்டியல் மேலிருந்து வந்தது. கணினியைத் தொடவிடு என்று ஒரு வார்த்தை அதோடு வரவில்லை.

நான் ஒரு யோசனை செய்தேன். அதைப் பற்றி ரொம்ப நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள் கிடந்தன, நல்ல கெட்டி அட்டை. அதன் பின்பக்கம், பாடப் புத்தகத்துப் படத்தைப் பார்த்து, ஸ்கெட்ச் பேனாவால் விசைப்பலகை வரைந்தேன். முப்பத்தொரு பிள்ளைக்கும் ஆளுக்கொன்று. மவுஸுக்கு சோப்பு டப்பா. அதன் மூடியில் இரண்டு கட்டம் வரைந்து, இடது வலது என்று எழுதினேன். “கை வைங்க... நகத்துங்க... டக் டக்” என்று நான் சொல்ல, பிள்ளைகளும் வாயால் “டக் டக்” என்று சொல்லிக்கொண்டே டப்பாவை அழுத்துவார்கள். அட்டையில் அவர்கள் விரல் பறக்கும். அதிலும் கயல்விழி என்ற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தன் பெயரை அட்டையில் தட்டுவாள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் அவளேதான். எட்டாம் வகுப்பு. அம்மா மல்லிகா நடவு, களையெடுப்புக்குப் போகிறவர். அப்பா இல்லை.

இந்த அட்டை வித்தையைப் பார்த்து மெச்சியவர்தான் எங்கள் வட்டாரக் கல்வி அலுவலர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அதட்டத் தெரியாத மனிதர். வந்தால் முதலில் கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்து நாற்காலியில் விரிப்பார், அதன் மேல் உட்காருவார். காபி கொடுத்தால் கும்பிட்டு மறுத்துவிட்டு, தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடிப்பார். எங்கள் எல்லோரையும் பேர் சொல்லி, வீட்டு விஷயமெல்லாம் விசாரிப்பார். பொய் எழுது என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

முறை இதுதான். வகுப்புச் சுவரில் பெரிய சார்ட். இடது பக்கம் பிள்ளைகள் பெயர், மேலே பதினொரு எதிர்பார்ப்பு. தெரிந்துவிட்டால் பச்சை, பாதி என்றால் மஞ்சள், தெரியாவிட்டால் சிவப்பு. அச்சடித்த வட்டமெல்லாம் வராது. நாங்கள் ஃபேன்ஸி ஸ்டோரில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி ஒட்டுவோம். மாதம் ஐந்தாம் தேதிக்குள் அதையே செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும். பச்சை என்றால் ஒரு தட்டில் முடிந்துவிடும். சிவப்பு என்றால் அந்தப் பிள்ளைக்கு ஏன் தெரியவில்லை, என்ன செய்தீர்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று மூன்று படிவம் நிரப்ப வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு எதிர்பார்ப்புக்கு மூன்று.

முதல் மாதம் நான் உண்மையாகத்தான் ஒட்டினேன். சார்ட் முழுக்கச் சிவப்பு. நடுவில் நாலைந்து மஞ்சள். அலுவலர் வந்தார், பார்த்தார். பிள்ளைகளை அட்டை தட்டச் சொன்னார். கயல்விழி கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். கைதட்டினார்.

“இவ்வளவு அழகா தட்டுது பிள்ளை. இதுக்குப் போய் சிவப்பு வச்சிருக்கீங்களே மங்கை டீச்சர்?”

“சார், இது அட்டைதானே சார். பெட்டியை இன்னும் திறக்கல.”

“அட்டையில வந்தது பெட்டியில வராதா? பிள்ளைங்க மனசு நோகக் கூடாது டீச்சர். தன் பேருக்கு நேரா சிவப்பா இருந்தா அது வீட்டுல போய் அழும்.”

சொல்லிக்கொண்டே எழுந்து போய், சுண்டுவிரல் நகத்தால் கயல்விழிக்கு நேரே இருந்த சிவப்புப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். பெயர்த்ததைத் தன் புறங்கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டார். கீழே போடவில்லை. குப்பை போடாத மனிதர். பிறகு மேசையில் இருந்த பச்சைப் பொட்டு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் ஒட்டவில்லை. நீட்டினார். நான் ஒட்டினேன்.

கோவிந்தராசு சார் அன்றைக்குச் சாயங்காலம் பத்து அட்டை பச்சைப் பொட்டு வாங்கி வந்தார். “கடைக்காரன் கேக்குறான் டீச்சர், உங்க ஊர்ல பொம்பளைங்க எல்லாம் ஒரே கலர்லதான் பொட்டு வைப்பாங்களான்னு” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படியே எட்டு மாதம். மாதா மாதம் ஐந்தாம் தேதி நான் கையெழுத்துப் போட்டேன்.

தை மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பக்கத்து நகரத்தில் ஒரு அரசு உண்டு உறைவிடப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அங்கேயே தங்கிப் படிக்கலாம். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுப்பார்கள். தேர்வு கணினியில். எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெயர் அனுப்பலாம் என்றிருந்தது. யார் என்று யோசிக்கவே வேண்டாம், கயல்விழிதான். கணக்கில் புலி. அவள் அம்மாவிடம் சொன்னபோது அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எம் மவ வயலு பக்கம் எறங்கக் கூடாது டீச்சர். அது ஒண்ணுதான் நான் கும்புடுற எல்லா சாமிகிட்டயும் கேக்குறேன்” என்றார்.

சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தை நான் மறுநாள்தான் படித்தேன். கணினி எதிர்பார்ப்புகளில் சிவப்பு, மஞ்சள் உள்ள பிள்ளைகளுக்குத் தேர்வுக்கு முன்னால் பத்து நாள் நேரடிப் பயிற்சி. நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆளுக்கொரு கணினி, அழைத்துப் போக வண்டி, மதியச் சாப்பாடு. பச்சைப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை, அவர்கள் நேரே தேர்வுக்கு வரலாம்.

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு உரிய பத்து நாளை என் பச்சைப் பொட்டு தின்றுவிட்டது.

அன்றே அலுவலரைப் பார்க்கப் போனேன். கயல்விழியைச் சிவப்புக்கு மாற்றுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. பிளாஸ்கைத் திறந்து எனக்கும் ஒரு மூடி வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

“தாராளமா மாத்தலாம் டீச்சர். எட்டு மாசம் ஏன் பச்சைன்னு போட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நான் மேல அனுப்பிடுறேன். ஆனா எட்டு மாசமும் கையெழுத்து உங்களோடது. அவங்க உங்களைத்தான் கேப்பாங்க. ஓய்வுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கா உங்களுக்கு?”

“ஆமாங்க சார்.”

“யோசிச்சுக்கங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

கடிதத்தை எழுதிவிட்டேன். கைப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை அம்மன் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் முடிவு தெரியாத காரியத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். சன்னதியில் போட்டு, சின்னக் குழந்தை யாரையாவது விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் கடிதத்தைக் கொடுக்கிறேன், சிவப்பு வந்தால் விட்டுவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். தரிசனத்துக்கு வந்த ஒருவரின் மூன்று வயதுக் குழந்தை எடுத்தது. பிரித்தேன். வெள்ளை.

குழந்தை இரண்டையும் தொட்டுவிட்டுத்தான் எடுத்தது, அது கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பக் கட்டினேன். அதே குழந்தை. இரண்டாம் தடவை சிவப்பு வந்தது. தாயே உன் உத்தரவு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மன் முதல் தடவையே பேசிவிட்டாள். என் பயம்தான் இரண்டாம் தடவை கட்டியது. இந்த ஒரு வரியை எழுதத்தான் நாலு வருஷம் ஆயிற்று.

கடிதம் கொடுக்காவிட்டாலும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை கோவிந்தராசு சாரிடம் மல்லுக்கு நின்று சாவி வாங்கி, முதல் தடவையாக உறையை எடுத்தோம். மூன்று பெட்டியின் ஒயரை எலி கடித்திருந்தது. நாலாவது உயிர் பெற்றது, நீலமாக விளக்கு வந்தது. கயல்விழி சந்தோஷத்தில் ‘டீச்சர்!’ என்று என் முந்தானையைப் பிடித்தாள். உடனே அது கடவுச்சொல் கேட்டது. எங்கள் யாருக்கும் தெரியாது. மாட்டிவிட்டுப் போனவர்களின் போன் நம்பரும் இல்லை. பிள்ளை விசைப்பலகையில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள், தவறு என்று வந்தது. பள்ளியின் பெயரைத் தட்டினாள், தவறு. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. நிஜமான கணினியில் அவள் விரல் பட்டது அவ்வளவுதான். மவுஸை அவள் தொடவே இல்லை.

கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் இருக்கிறதே, அங்கே அழைத்துப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம். இரண்டு தரம் செருப்பு மாட்டினேன். தெரிந்தவர்கள் பார்த்தால், எல்லாம் பச்சை என்றார்களே, டீச்சர் இப்போது எதற்கு இங்கே கூட்டி வந்து பழக்குகிறார் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து செருப்பைக் கழற்றிவிட்டேன். இதற்கு அலுவலர் காரணமில்லை, செயலி காரணமில்லை. நான்தான்.

மாசி மாதம் தேர்வு. தாயும் மகளும் நானும் காலைப் பஸ்ஸில் போனோம். பிள்ளைக்குத் தலை நிறையப் பூ. கல்லூரி வாசலில் பெற்றோரை நிறுத்திவிட்டார்கள். அழைத்து வந்த ஆசிரியர்களை மட்டும் அறைக்கு வெளியே கண்ணாடிக் கதவு வரை விட்டார்கள். நான் அங்கே நின்றேன்.

ஆரம்ப மணி அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் திரையைப் பார்த்தார்கள். கயல்விழி மட்டும் குனிந்து மவுஸைப் பார்த்தாள். சோப்பு டப்பாவை அப்படித்தான் பார்த்துப் பழகியிருந்தாள். கையை வைத்தாள், நகர்த்தினாள், அவள் உதடு அசைந்தது. டக் டக். திரையில் அம்பு எங்கேயோ மூலைக்குப் போயிருக்கும். அப்படி ஒன்று ஓடும் என்று நான் சொல்லித் தரவில்லை. அட்டைக்கு ஏது அம்பு? மவுஸைக் கையில் தூக்கி, திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கண்காணிப்புக்கு இருந்த சின்ன வயசு மேடம் கிட்டே போனார். கதவு லேசாகத் திறந்திருந்ததால் எனக்குக் காதில் விழுந்தது.

“கம்ப்யூட்டர் பழகினதில்லையாம்மா நீ?”

“பழகியிருக்கேன் மிஸ். எனக்கு எல்லாம் பச்சை.”

அந்த மேடம் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். பாவம், அதற்கு மேல் அவர் உதவக் கூடாது. பாதி நேரம் போனபின் பிள்ளைக்கு ஒருவாறு பிடிபட்டது. நாலு கேள்வி முடித்தாள். மணி அடித்து, திரை தானாக மூடிக்கொண்டது.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் டிக்கெட்டின் பின்னால் அந்தக் கணக்குகளையெல்லாம் போட்டுக் காட்டினாள். கண்ணில் பட்ட கேள்விகளை மனப்பாடமாக எடுத்து வந்திருந்தாள். எல்லாம் சரி. “விடை தெரியும் டீச்சர். அதை எப்படி அதுகிட்ட சொல்றதுன்னுதான் தெரியல” என்றாள். அப்புறம் மெதுவாக, “நம்ம அட்டையில நல்லா வந்துச்சே டீச்சர்?” என்றாள். நான் வெளியே வயலைப் பார்த்தேன்.

பங்குனியில் முடிவு வந்தது. அவள் பெயர் இல்லை. மல்லிகா உளுந்து பறிக்கிற வேலையை விட்டுவிட்டு, கையில் கறையோடு அப்படியே பள்ளிக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. சார்ட்டுக்கு முன்னால் போய் நின்றார். படிக்கத் தெரியாது, நிறம் தெரியும்.

“இதுல எம் பொண்ணு வரிசை எது டீச்சர்?”

காட்டினேன்.

“எல்லாம் பச்சை. அப்ப நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. எம் பொண்ணுக்குத்தான் ஏறல. அவ மக்கா டீச்சர்? நீங்களே சொல்லிடுங்க, நான் மனசைத் தேத்திக்கிறேன். வர்ற குறுவைக்கு நடவுக்கு அழைச்சிட்டுப் போயிடுறேன்.”

கயல்விழி கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. தேறாத பிள்ளைகளுக்குக் காரணம் எழுதியிருந்தார்கள், நான் கையெழுத்திட வேண்டும். கயல்விழிக்கு நேரே: “முழுப் பயிற்சி பெற்றவர். மாணவியின் கவனக்குறைவு.” ஒரு பிள்ளையை மனசு நோகக் கூடாது என்று சொல்லிச் சொல்லி ஏமாற்றிவிட்டு, கடைசியில் குற்றத்தையும் அதன் தலையில் வைப்பதா? சிவப்புப் பொட்டைப் பார்த்தால் அழும் என்றார்களே, இதைப் படித்தால் என்ன செய்யும்? நான் கையெழுத்துப் போடவில்லை. இருபத்தெட்டு வருஷமும் அதற்கு மேலும் போட்ட கையெழுத்துகளில் அது ஒன்றைத்தான் மறுத்தேன்.

அந்தத் தாளின் கீழேயே ஒரு வழி இருந்தது. பயிற்சி கிடைக்காத பிள்ளைகள் பத்து நாளுக்குள், வகுப்பு ஆசிரியர் கடிதத்தோடு விண்ணப்பித்தால், இன்னொரு தடவை தேர்வு எழுதலாம். இந்தத் தடவை கோயிலுக்குப் போகவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போனேன். புதிதாக எழுதிய கடிதத்தை மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

“இதைக் குடுத்துதான் ஆகணுமா டீச்சர்?”

“ஆமாங்க சார். எனக்கு மெமோ வந்தாலும் பரவாயில்லைங்க.”

“சரி. மேல அனுப்புறேன். நீங்க நிம்மதியா போங்க.”

கையெடுத்துக் கும்பிட்டேன். தாயிடமும் பிள்ளையிடமும் போய், தப்பு என்னுடையது, இன்னொரு தேர்வு வரும் என்றேன். பிள்ளை, “எப்ப டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள்.

தினமும் காத்திருந்தேன், தேர்வுக்கும் மெமோவுக்கும். இரண்டும் வரவில்லை. இரண்டாம் தேர்வு எழுதுகிறவர்கள் பட்டியல் வந்தது. கயல்விழி அதில் இல்லை. நான் உடனே போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் மெமோ வந்துவிடுமோ என்று, என் வாயால் சொன்ன வீரத்தையெல்லாம் விழுங்கிவிட்டு இருந்தேன். மெமோ வராத நிம்மதியில் வெள்ளிக்கிழமை அம்மனுக்கு நெய் விளக்குக்கூட ஏற்றினேன். அவள் அந்த விளக்கை எப்படிப் பார்த்திருப்பாள்?

வைகாசியில் பிரிவு உபசார விழா. அலுவலர் வந்து, நாற்காலியில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து, என்னைப் பற்றி உருகிப் பேசினார். சார்ட்டைக் காட்டி, ஒரு சிவப்பு இல்லாத வகுப்பு என்றார். கழுத்தில் மாலையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். கீழே இறங்கும்போது ஓர் உறையை என் கையில் வைத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: “இதைப் பத்திரமா வச்சுக்கங்க டீச்சர். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

பிரித்தால் என் கடிதம். முத்திரை இல்லை, வரவு எண் இல்லை. அது மேசை இழுப்பறையை விட்டு நகரவே இல்லை.

கயல்விழி பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். இப்போது பன்னிரண்டாவது. விடுமுறையில் அம்மாவோடு நடவுக்கும் போகிறாள். கடைத்தெருவில் பார்த்தால் “வணக்கம் டீச்சர்” என்பாள். நின்று பேச மாட்டாள். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

பிரேமா, நீ கேட்ட வித்தை இதுதான். உன் பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று போடு. மூன்று படிவம் இல்லை, முப்பது படிவம் ஆனாலும் நிரப்பு. அறையைத் திற. உடைந்தால் உடையட்டும். விசைப்பலகை வரைந்த அட்டையைக் கொண்டுவந்தால் அடுப்பில் போடு. உன்னிடமும் யாராவது அன்பாகப் பேசிப் பச்சை அட்டையை நீட்டுவார்கள். அதட்டுகிறவர்களைவிட அவர்களிடம்தான் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான், ஓர் எழுத்து மாற்றாமல் கீழே எழுதுகிறேன்:

“ஐயா, மாணவி தேர்வுக்கு முன் கணினியில் பழகியதே இல்லை. அட்டையில் மட்டும் பழகினார். எல்லாம் தெரியும் என்று நான் எழுதியது பொய். தேர்வில் ஏற்பட்டது அவருடைய கவனக்குறைவு அல்ல. அவருக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து மறுபடி தேர்வு வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

மேலே போகாத இந்தக் கடிதம் இனி நாலு பேர் கையிலாவது போகட்டும். இதைப் படிக்கிற ஆசிரியர்கள் இன்னொருவருக்குக் கொடுங்கள், ஆனால் இருக்கிறபடியே கொடுங்கள். பாவம் வயதானவள் என்று, நான் இரண்டாம் தடவை பூக்கட்டியதை எடுத்துவிடாதீர்கள். விளக்கேற்றியதையும் எடுக்காதீர்கள். நான் அலுவலரை மேடையில் கேள்வி கேட்டதாகச் சேர்க்காதீர்கள், நான் கேட்கவில்லை. பிள்ளை பின்னால் பெரிய ஆளானாள் என்று ஆறுதலுக்கு ஒரு வரி போடாதீர்கள். நான் கையெழுத்துப் போடாவிட்டாலும் அரசுப் பதிவேட்டில் இன்றைக்கும் அவள் பெயருக்கு நேரே கவனக்குறைவு என்றுதான் இருக்கிறது. அவள் கவனமாகத்தான் இருந்தாள்.